நூற்றுப் பதினாறாம் எண் மரத்தைக் கொத்திய கதை

ஒரு காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தது என்று கதையை ஆரம்பித்துவிடலாம்தான். ஆனால் அந்தக் காட்டில் ஒருவர் இருந்தார் என்று சொல்வதற்கே இருப்பிடச் சான்று வேண்டும். அதை வாங்க இரண்டு நாள் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே, சான்று கைக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மரங்கொத்தியின் பெயர் சடையாண்டி. சிவந்த கொண்டை, உளி போன்ற அலகு, தேவைக்குக் கொஞ்சம் அதிகமான ரோஷம். அவன் மனைவி பூவாயி. இன்னும் இருபது நாளில் முட்டை வந்துவிடும் என்று அவள் கணக்குச் சொல்லியிருந்தாள். அதற்குள் ஒரு பொந்து வேண்டும். பொந்து இல்லாமல் முட்டை வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. கை வேறு கிடையாது.

முன்பெல்லாம் மரங்கொத்திகள் பிடித்த மரத்தில் போய்க் கொத்திக்கொள்ளும். இப்போது மர அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு, அவர்கள் ஒதுக்குகிற மரத்தில்தான் கொத்த வேண்டும். எண் இல்லாத பொந்தை இருவாச்சிப் பறவை வந்து மண்ணைக் குழைத்து அடைத்துவிட்டுப் போகும். பொந்தை அடைப்பது அதற்குப் பரம்பரைப் பழக்கம் என்பதால் அந்த உத்தியோகத்தை அதற்கே கொடுத்திருந்தார்கள்.

மர அலுவலகத்தின் குமாஸ்தா ஏகாம்பரம் என்ற ஓணான். எதைக் கேட்டாலும் தலையை மேலும் கீழும் ஆட்டுவார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போன பலர் இன்னும் காத்திருக்கிறார்கள்.

"சார், நல்ல மரமா பாத்துக் குடுங்க. வீட்ல முட்டை வர்ற நேரம்" என்றான் சடையாண்டி.

ஏகாம்பரம் தலையாட்டிக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார். "நூத்திப் பதினாறு. நல்ல உயரம். வருஷம் பூரா பச்சை. ஒரு இலை உதிராது. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, இங்க கால் ரேகை."

ஒரு இலைகூட உதிராத மரம் எந்தக் காட்டில் இருக்கிறது என்று சடையாண்டி அங்கேயே கேட்டிருக்கலாம். அவனுக்கு இருந்த சந்தோஷத்தில் தோன்றவில்லை. நூற்றுப் பதினாறு ஒரு செல்போன் கோபுரம். காட்டின் அழகு கெட்டுவிடக் கூடாது என்று அதற்குப் பச்சை வர்ணம் அடித்து, உச்சியில் பிளாஸ்டிக் ஓலைகளைக் கட்டிவிட்டிருந்தார்கள். மரக் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள் வெயிலுக்குப் பயந்து தூரத்திலிருந்தே எண்ணிவிட்டுப் போனதில், அதற்கும் ஓர் எண் விழுந்துவிட்டது.

சடையாண்டி நல்ல நேரம் பார்த்து முதல் கொத்துக் கொத்தினான். டங் என்றது.

"என்னங்க, கோயில் மணி மாதிரி கேக்குது. இது மரம் இல்லங்க" என்றாள் பூவாயி.

"உனக்கென்ன தெரியும்? வைரம் பாஞ்ச கட்டை. எங்கப்பா வேங்கை மரத்தையே பதினோரு நாள்ல குடைஞ்சவரு."

மரங்கொத்திகளிடம் ஒரு பழக்கம் உண்டு. அலகு இறங்காவிட்டால் கட்டை வைரம் பாய்ந்தது என்பார்கள். இது மரமே இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தக் குலத்திலேயே கிடையாது. எவ்வளவு கெட்டியான கட்டையில் எவ்வளவு நாள் கொத்தினார் என்பதை வைத்துத்தான் அங்கே மாப்பிள்ளை பார்ப்பார்கள். சடையாண்டி டங் டங் என்று கொத்தினான். மூன்றாம் நாள் அலகின் நுனி மரத்துப்போனது. வர்ணம் மட்டும் ஒரு மிளகு அளவு உதிர்ந்திருந்தது.

மனசு கேட்காமல் மறுபடி மர அலுவலகத்துக்குப் போனான்.

"சார், வேற மரம் மாத்திக்க முடியுமா?"

"தாராளமா மாத்திக்கலாம்" என்றார் ஏகாம்பரம். "முயன்று தோற்ற சான்று ஒண்ணு வேணும். முப்பது நாள் விடாம கொத்தியும் துளை விழலைன்னு எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்தோட குடும்."

"முப்பது நாளா? இன்னும் பதினேழு நாள்ல முட்டை வந்துருமே சார்!"

ஏகாம்பரம் தலையாட்டினார். "கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு வீட்ல கேட்டுப் பாரும்."

இந்தச் சமயத்தில்தான் உடும்பு வச்சிரவேல் அந்தப் பக்கம் வந்தார். காடு முழுக்க மனவுறுதி முகாம் நடத்துகிறவர் அவர். உடும்புப்பிடி பற்றி உடும்பே வந்து பேசினால் யார்தான் கேட்க மாட்டார்கள்? பாறையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவார். கடைசி வரிசையில் இருப்பவர்கள் தூங்கினாலும் பிடியை விட மாட்டார்.

வச்சிரவேல் கோபுரத்தடியில் நின்று சடையாண்டியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டார்.

"தம்பி, எத்தனை நாளாப்பா?"

"நாலு நாள்ண்ணே."

"துளை?"

"இல்லண்ணே."

"அற்புதம்!" என்றார் வச்சிரவேல். போனை எடுத்துப் படம் பிடித்தார்.

மறுநாள் காடு முழுக்க அந்தப் படம் சுற்றியது. ஐந்தாம் நாள் அணில் பள்ளியிலிருந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள். ஆறாம் நாள் குரங்குகள் கைதட்டின. எட்டாம் நாள் வச்சிரவேல் தன் முகாமையே கோபுரத்தடிக்கு மாற்றிவிட்டார். "இவரைப் பாருங்கள்!" என்று வாலை மேலே காட்டுவார். எல்லாரும் போனை மேலே தூக்குவார்கள். சடையாண்டி கழுத்து வலியை மறைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பலமாகக் கொத்துவான். அந்தப் போன்களுக்கெல்லாம் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தவர்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவனுக்கே சந்தேகம் வந்தது. கூட்டம் கலைந்த பிறகு வச்சிரவேலை ஓரமாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, மனசுல வச்சுக்காம சொல்லுங்க. இது மரம்தானே?"

வச்சிரவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். "தம்பி, மரத்தைக் கொத்துனா அதுக்குப் பேரு வேலை. இரும்பைக் கொத்துனாத்தான் விடாமுயற்சி. எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

சடையாண்டிக்கு இந்தப் பதில் புரியவில்லை. ஆனால் புரியாத பேச்சு எப்போதும் பெரிய பேச்சாகத்தான் தெரியும். மறுநாளும் கொத்தினான்.

பதினைந்தாம் நாள் பூவாயி மூச்சு வாங்கப் பறந்து வந்தாள். "என்னங்க, எதிர்ல இருக்கிற இலவ மரத்துல குக்குறுவான் பறவை காலி பண்ணிட்டுப் போன பொந்து இருக்கு. நம்பர் போட்ட பொந்து. இருவாச்சி அடைக்காது. நான் உள்ள போய்ப் பாத்துட்டேன், நம்ம ரெண்டு பேருக்கும் தாராளமா இருக்கும். வாங்க, போயிரலாம்."

"அடுத்தவன் குடைஞ்ச பொந்துலயா? அதுவும் இலவ மரத்துல? பஞ்சு மாதிரி கட்டை, கொழந்தைகூட குடையும். ஊர் சிரிக்கும் பூவாயி. இன்னும் அஞ்சு நாள்ல எனக்கு விருது குடுக்கப் போறாங்க."

"முட்டை விருது வர்ற வரைக்கும் காத்திருக்குமா?"

"பாதியில விட்டா என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"நான் என்ன நெனைப்பேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றாள் பூவாயி. கொஞ்ச நேரம் பக்கத்துப் பிளாஸ்டிக் ஓலையில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு தனியாக இலவ மரத்துக்குப் போய்விட்டாள். சடையாண்டி அவள் போன திசையைப் பார்த்தான். கீழே குரங்குகள் கைதட்டவே, திரும்பிக் கொத்த ஆரம்பித்தான்.

இருபதாம் நாள் விருது விழா. சிங்கம் வேறு காட்டுக்கு மாற்றலாகிப் போயிருந்ததால் கரடியார் பொறுப்பு ராஜாவாக இருந்தார். மூன்று வருஷமாகப் பொறுப்புதான். கோபுரத்தடியில் பந்தல் போட்டு, விழாவைக் காடு முழுக்க நேரலையாகக் காட்டினார்கள். முன்னால் நின்றவர்களும் நிமிர்ந்து பார்க்காமல் போனில்தான் பார்த்தார்கள்.

கரடியார் போனைப் பார்த்தே உரையை வாசித்தார். "அன்பார்ந்த காட்டு மக்களே! விடாமுயற்சி உள்ளவன் என்றைக்கும்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, "எங்க, ஒரு கொத்துக் கொத்திக் காட்டுப்பா. எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

முந்தின நாள் நல்ல மழை. இருபது நாளாக ஒரே இடத்தில் வர்ணம் உதிர்ந்து, அந்த இடத்தில் துரு ஏறியிருந்தது. சடையாண்டி கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி ஒரு கொத்துக் கொத்தினான்.

டங் என்று கேட்கவில்லை. பொதுக் என்று அலகு உள்ளே போய்விட்டது.

"பூவாயி! துளை விழுந்துருச்சு!" என்று கத்தினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அலகை வெளியே இழுத்தபோது கூடவே அறுந்த கம்பிகள் இரண்டு வந்தன.

கரடியார் வாசித்துக்கொண்டிருந்தார். "விடாமுயற்சி உள்ளவன் இறுதியில்..." அதற்கு மேல் வரவில்லை. போனைக் குலுக்கினார். வெயிலில் காட்டினார். திருப்பிப் பிடித்தார். இறுதியில் என்ன ஆவான் என்பது அவருக்கும் தெரியவில்லை. பந்தலில் ஒவ்வொரு போனிலும் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"சிக்னல் போச்சு!" என்றது ஒரு குரங்கு. அவ்வளவுதான், கைதட்டிய கூட்டம் கல்லை எடுத்தது. "வேலை வெட்டி இல்லாம இருபது நாளா கோபுரத்தை நோண்டிக்கிட்டு இருந்திருக்கான் பாருங்க!" என்று அணில் வாத்தியார் பிள்ளைகளுக்கு விளக்கினார். வச்சிரவேல் எங்கே என்று சடையாண்டி தேடினான். அவர் மேடைக் கம்பத்திலிருந்து நழுவிப் புதருக்குள் போய்க்கொண்டிருந்தார். உடும்பு பிடியை விட்டதை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

"ராஜா, இது மரம். உங்க பதிவேட்டுலயே மரம்னுதான் இருக்கு. எனக்கு அனுமதி இருக்கு" என்று சடையாண்டி கெஞ்சினான்.

கரடியார் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் பச்சையாகி, சிவப்பாகி, கடைசியில் பழுப்பில் நின்றார். "உண்மைதான் ராஜா. ஆனா அனுமதி கொத்துறதுக்குத்தான். துளை போடுறதுக்கு இல்ல. அதுக்குத் தனி விண்ணப்பம்."

தீர்ப்பு உடனே வந்தது. பட்டணத்திலிருந்து பழுது பார்க்கிறவர் வரும்வரை, சடையாண்டி அந்தக் கம்பி இரண்டையும் அலகில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோபுரத்திலேயே இருக்க வேண்டும். அவன் பிடித்தான். உடம்பெல்லாம் கூசியது. கீழே போன்கள் ஒவ்வொன்றாகக் கிணுகிணுத்தன. கூட்டம் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அன்று சாயங்காலம் இலவ மரத்தில் பூவாயி முதல் முட்டையை இட்டாள்.

நாலு நாள் கழித்து வச்சிரவேல் புதருக்குள்ளிருந்து வெளியே வந்தார். அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டார். "இவரைப் பாருங்கள்! என்ன பிடி! என்ன உறுதி!" என்று முகாமை மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை கூட்டம் இன்னும் அதிகம்.

சடையாண்டி அலகைத் திறக்காமல் இருந்தான். நல்லவேளையாக மரங்கொத்திக்கு நாக்கு நீளம். அலகு இடுக்கில் நாக்கை நீட்டி, கோபுரத்தில் ஏறுகிற எறும்பை நக்கியே உயிர் வாழ்ந்தான். ஊரார் பேசுகிற பேச்செல்லாம் தன் மண்டை வழியாகத்தான் போகிறது என்று நினைத்தபோது களைப்பையும் மீறி ஒரு பெருமை வந்தது. எதிரே இலவ மரம் தெரிந்தது. முட்டை பொரிந்தது தெரிந்தது. பூவாயி ஒருத்தியே இரை கொண்டுவந்து இளைத்துப் போனதும் தெரிந்தது. ஒரு நாள் இரண்டு குட்டித் தலைகள் பொந்துக்கு வெளியே எட்டிப் பார்த்தன.

"அம்மா, அந்தக் கம்பத்துல ஒருத்தர் ஒக்காந்திருக்காரே, யாரு?"

"உங்கப்பா."

"ஏன் வீட்டுக்கு வர மாட்டேங்கிறாரு?"

பூவாயி கொஞ்சம் யோசித்தாள். "அவரு ரொம்ப உறுதியானவருடி" என்றாள்.

அதைக் கேட்ட சடையாண்டி அலகை இன்னும் இறுக்கிக்கொண்டான். மூத்தது, அப்பாவை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று எக்கியது. கால் வழுக்கி, பாதி உடம்பு பொந்துக்கு வெளியே தொங்கியது. பூவாயி இரை தேடக் கிளம்பிவிட்டிருந்தாள். "ஐயோ, உள்ள போ கண்ணு!" என்று சடையாண்டி கத்தினான். கத்தின பிறகுதான் அலகைத் திறந்துவிட்டது அவனுக்கு உறைத்தது. கம்பி இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அதற்குள் அவன் பாதி தூரம் பறந்துவிட்டான். பிள்ளையை அலகால் உள்ளே தள்ளிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கல்லடிக்குக் காத்திருந்தான்.

கல் எதுவும் வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து கீழே பார்த்தான். குரங்குகள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. கரடியார் யாருடனோ போனில் கத்திக்கொண்டிருந்தார். பழுது பார்க்கிறவர் தீர்ப்பு வந்த மூன்றாம் நாளே வந்து, பின்பக்கமாக வேறு கம்பி இழுத்துவிட்டுப் போயிருந்தார். அது வச்சிரவேலுக்குத் தெரியும். ஏகாம்பரத்துக்கும் தெரியும். முகாம் நன்றாக நடந்துகொண்டிருந்ததால் யாரும் சொல்லவில்லை.

இரையோடு திரும்பி வந்த பூவாயி, பொந்தில் உட்கார்ந்திருந்தவனை மேலும் கீழும் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று நினைத்ததெல்லாம் மறந்துபோய் அழுதுவிட்டாள். பிறகு நினைவு வந்து திட்டினாள்.

கோபுரத்தடியில் வச்சிரவேல் காலியான கம்பத்தை வாலால் காட்டி, "இவரைப் பாருங்கள்!" என்று பொழுது சாயும்வரை பேசினார். கைதட்டல் குறையவே இல்லை.

நீதி: எதையாவது விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை விட்டுப் பார்க்கவும். ஒன்றும் ஆகாவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். கைதட்டுகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, அவர்கள் போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.