ஜனாதிபதியாவதற்காகத் துறந்த ஏழாம் இலக்க ஜேர்சி

உடையார்கட்டு விளையாட்டுக் கழகத்தின் செயலாளரும் என் ஒரேயொரு தாய்மாமனுமாகிய யோகநாதன் மாமாவுக்கு, கண்டாவளையிலிருந்து மருமகன் நிருஷன் பணிவுடன் எழுதுவது. நான் நலம், அம்மா நலம், ஆடு குட்டி போட்டு நலம். அப்பா மட்டும் என்னைப் பார்க்கும்போது நலமில்லை.

நிற்க. நாட்டு மக்களுக்கு ஒரு முக்கிய அறிவித்தல்: எங்கள் தரம் பதினொன்றின் ஜனாதிபதித் தேர்தல் வெள்ளிக்கிழமை நடந்து முடிந்தது. வாக்குப்பெட்டியாக வைத்த பிஸ்கட் ரின்னின் மூடி நெளிந்ததைத் தவிர அசம்பாவிதம் ஒன்றுமில்லை.

மற்ற வகுப்புகளில் ஆசிரியர் கையைக் காட்டினால் அவன்தான் தலைவன். எங்கள் குடியியற் கல்வி யோகலிங்கம் சேருக்கு அது போதாது. "நாட்டுக்கு ஒரு சட்டம், வகுப்புக்கு ஒரு சட்டமோ?" என்று ஜனாதிபதிக்குரிய தகைமைகளைப் பலகையில் எழுதிப்போட்டார். இரட்டைப் பிரசாவுரிமை கூடாதாம், முப்பத்தைந்து வயதும் வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் சேர் ஒருவர்தான் போட்டியிடலாம் என்பதால் வயதை மட்டும் அழித்துவிட்டார். வகுப்புக் கிரிக்கெட் அணியைத் தெரிவுசெய்வது ஜனாதிபதிதான். ஒருமுறையாவது முதல் ஆளாகத் துடுப்பெடுக்க வேண்டும் என்று நான் போட்டியில் குதித்தேன். அப்பா சொன்னது: "முதல் ஆட்டுக்குக் குழை வெட்டு, பிறகு நாட்டை ஆளலாம்."

அதற்குள் எதிர் வேட்பாளர் யதுர்ஷிகா எழும்பினாள். "சேர், இவன் சனி ஞாயிறிலை உடையார்கட்டுக்கு விளையாடுறான். இரட்டைப் பிரசாவுரிமை!" சேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஒண்டை விடும், இல்லாட்டிப் போட்டியை விடும்." அதனால்தான் மாமா, போன கிழமை உங்கள் கழகத்தின் ஏழாம் இலக்க ஜேர்சியைத் தோய்த்து மடித்து, 'நாட்டுக்காகத் துறக்கிறேன்' என்று ஒரு துண்டும் வைத்து அனுப்பினேன். அந்தத் துண்டை மாமி ரோட்டால போறவைக்கெல்லாம் வாசிச்சுக் காட்டினதாகக் கேள்வி. ஃபோன் எடுத்தால் மாமி சிரிப்பா எண்டுதான் இந்தக் கடிதம்.

பிறகு என் ராசதந்திரம். யதுர்ஷிகாவின் வாக்கை உடைக்க, என் பக்கத்தில் இருக்கும் கிருசாந்தனை மூன்றாவது வேட்பாளராக நிறுத்தினேன். வாக்குச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பு வரிசை இடலாம்; அவனுக்கு விழும் வாக்குகளின் இரண்டாம் விருப்பு எனக்குத்தான் என்று ஒப்பந்தம். எண்ணினால் ஒருவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. சட்டப்படி கிருசாந்தனை விலக்கி, அவனுக்கு விழுந்த இரண்டு வாக்குகளின் இரண்டாம் விருப்பைச் சேர் பார்த்தார். இரண்டும் யதுர்ஷிகாவுக்கு! அதில் ஒன்று கிருசாந்தன் தானே போட்டது.

"துரோகி, ஏன்டா?"

"நீ வெண்டால் என்னை விட்டிட்டு முன் வாங்கிலை போய் இருந்திடுவாய். பிறகு உன்ர புட்டிலை எனக்கு ஆர் பங்கு தாறது?"

ஒரேயொரு வாக்கால் அவள் வென்றாள். மாமா, இந்தத் தோல்வியில் என் பிழை கடுகளவும் இல்லை. தேர்தல் விதியில் வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எப்படி விருப்பு இடுறதெண்டு எல்லாருக்கும் கீறி விளங்கப்படுத்தினதே நான்தான். எல்லாம் சதி.

உங்கள் வயல் விளையவும், கழகம் வெல்லவும், மாமி சிரிப்பை நிறுத்தவும் வேண்டும்,
மக்களால் மயிரிழையில் கைவிடப்பட்ட
நிருஷன்.

பி.கு.: அம்மா சொல்ல முதல் நானே சொல்லிவிடுகிறேன். நிராகரிக்கப்பட்ட வாக்கு ஒன்றும் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று மூன்றையும் ஒரே பெயருக்கு நேரே போட்டிருந்தது. சேர் அதைத் தூக்கிக் காட்டி, "இது வாக்கில்லை பிள்ளையள், பேராசை" எண்டார். பெயரும் என்ர, எழுத்தும் என்ர. மாமா, ஏழாம் இலக்கத்தை ஆருக்கும் குடுத்திட்டீங்களோ? குடுத்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை தண்ணிப் போத்தல் தூக்கவெண்டாலும் வாறன்.