நீர்க்கண்டமும் மிதந்த முட்டையும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் ஆண்டு, ஊவா மாகாணத்திலே, பெரகலச் சந்திக்கு மேலே இரண்டு கட்டை (மைல்) தொலைவிலுள்ள வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரு முட்டை மிதந்தது.

இதில் வியப்பதற்கு யாதுளது என்று வினவுவோர் அந்நாளில் அத்தோட்டத்தில் இல்லை. இருந்தோர் அனைவரும் வியந்தனர். வியந்ததோடு நில்லாமல் அயல் தோட்டங்களுக்கும் சொல்லியனுப்பினர். பண்டாரவளையிலிருந்தும் மக்கள் நடந்து வந்தனர். குழந்தையைத் தோளில் சுமந்தோர் வந்தனர். இடுப்பில் சுமந்தோர் வந்தனர். குழந்தையே இல்லாது, இனிப் பிறக்கும் என்னும் நம்பிக்கையை மட்டும் சுமந்தோரும் வந்தனர். ஒவ்வொருவர் கக்கத்திலும் ஒரு கோழி இருந்தது. கங்காணி தம்பையாவின் வீட்டுப் பின்கொட்டகை வாயிலில் ஞாயிறுதோறும் நின்ற வரிசையானது, நாள்தோறும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டத்துத் துரைக்கு முன் நின்ற வரிசையைக் காட்டிலும் நேரானது.

கொட்டகையினுள் வீற்றிருந்தவர் ஜலஸ்தம்பன சாமிகள். நீரின்மேற் படுத்து உறங்கும் வித்தையை இமயமலையிற் பயின்றவர் அவர் என்று கங்காணி சொன்னார். கங்காணிக்கு யார் சொன்னார்? சாமிகளே சொன்னார். இவ்வாறு சாட்சியம் முழுமை பெற்றது.

சாமிகளின் கொள்கை பின்வருமாறு. தூத்துக்குடியிற் கப்பலேறி இக்கரை சேர்ந்த எவரும் கடலம்மாவுக்குக் காணிக்கை செலுத்தவில்லை. ஆகையால் அவர்களுக்கு இம்மலையிற் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தண்ணீரில் கண்டம். கண்டமாவது, இன்னதனால் உயிருக்கு அபாயம் என்று சோதிடர் முன்கூட்டிக் குறித்துத் தருவது. குறித்தவரே நீக்கியும் தருவார் என்பது அதன் சிறப்பு. கடலம்மா நாலாயிரம் அடி மலையேறி வந்து பிள்ளை பிடிப்பாளாயின் அவளுக்கு மூச்சு வாங்காதா என்று ஒருவரும் கேட்டிலர்.

கண்டத்தைக் கண்டறியும் முறை எளிது. எல்லோரும் பார்த்திருக்க, ஓடையிலிருந்து ஒரு செம்பு நீர் கொண்டுவரப்படும். பிள்ளையின் தலையை மும்முறை சுற்றிய கோழிமுட்டை ஒன்று அதிலே இடப்படும். முட்டை மூழ்கும்.

"பாத்தீங்களா? முட்டைதான் உங்க புள்ள," என்பார் சாமிகள்.

தாய் விம்முவாள். சாமிகள் இரக்கம் கொள்வார். கைலாயத்து விபூதி என்று ஒரு வெண்பொடியை நான்கு கைப்பிடி அள்ளி நீரில் இடுவார். வேப்பிலைக் கொத்தினால் கலக்கியபடி நூற்றெட்டு முறை மந்திரம் உரைப்பார். மற்றவர்களுடைய விபூதி நீரில் அடியிலே படியும். சாமிகளின் விபூதியோ கரைந்தே போகும். அறுபதாம் மந்திரத்தில் முட்டை மெல்ல நிமிரும். நூறாம் மந்திரத்தில் அது மேலெழுந்து, வழுக்கைத் தலையைப் போல நீருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கூட்டம் கன்னத்திற் போட்டுக்கொள்ளும். பிள்ளையின் அரையில் ஒரு கறுப்புக் கயிறு ஏறும். கோழி கொட்டகைக்குள் ஏறும். அவற்றுட் பாதி பின்னர் கங்காணியின் அடுப்பில் ஏறும் என்பது வரிசையில் நின்றோர்க்குத் தெரியாது.

செம்பு நீரை மட்டும் எவரும் தொடலாகாது. தொட்டால் தலை வெடிக்கும். சாமிகள் அதைத் தம் கையாலேயே கொட்டகை ஓரத்திற் கொட்டுவார். அவ்விடத்தே கருப்பம்மா என்பவள் நட்டிருந்த மிளகாய்ச் செடிகள் பன்னிரண்டும் கருகி மாண்டன. கண்டம் பிள்ளைகளை விட்டிறங்கிச் செடியிற் புகுந்துவிட்டது என்று சாமிகள் விளக்கினார். கருப்பம்மா அழவில்லை. கண்டத்துக்கே இடமளித்த செடிகள் தன்னுடையவை என்று தொழிலாளர் குடியிருந்த லயம் முழுவதும் சொல்லி மகிழ்ந்தாள்.

இந்நிலையில், லயத்தில் கருப்பம்மாவின் அறைக்கு அடுத்த காம்பராவிலிருந்த தனலெட்சுமி என்பவள் மூன்று சுரைக்குடுக்கைகளை வெயிலிற் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

காரணம் உண்டு. அவளுடைய மகள் அன்னக்கொடிக்கு வயது இரண்டரை. தனலெட்சுமி கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இருக்க வேண்டும். அதற்கு ஓடைமேற் கிடக்கும் ஒற்றை மரப்பாலத்தைக் கடந்து செல்ல வேண்டும். சென்ற ஐப்பசி மழையில் அன்னக்கொடி அப்பாலத்தில் வழுக்கி விழுந்தாள். தாய் பின்னாலேயே வந்தமையால் குதித்து இழுத்தெடுத்தாள். அடுத்த ஐப்பசியிலும் தாய் பின்னாலேயே வருவாள் என்பதற்கு உறுதியில்லை. தனலெட்சுமி குளித்தலைப் பக்கத்திற் காவிரி வாய்க்காலில் வளர்ந்தவள். அங்கே நடக்கத் தெரிந்த பிள்ளைக்கு முதுகிற் குடுக்கை கட்டி நீரில் விடுவது வழக்கம். ஆதலால் மகளுக்கும் நீந்தப் பழக்குவது என்று துணிந்தாள். குடுக்கைகளைக் குடைந்து, விதை நீக்கி, துளையை மெழுகினால் அடைத்து, கட்டுவதற்குப் பழைய சேலைக் கரையையும் கிழித்து வைத்தாள். தேங்காயெண்ணெய் வாங்கினாள். முதற் பாடத்திற்கு வரும் ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாள்.

கணவன் கந்தப்பனும் அதே ஞாயிற்றுக்கிழமையைக் குறித்திருந்தான், சாமிகளுக்கு.

"ஏ புள்ள, இந்தக் குடுக்கையெல்லாம் எதுக்கு? சாமி கயிறு கட்டிட்டா பாப்பா தானா மெதக்கும்."

"எங்க ஊருல நாங்க அத்தன பேரும் குடுக்கை கட்டித்தாங்க படிச்சோம். எந்தச் சாமியும் வரல."

"அங்க நீங்க கடல் தாண்டலல்ல?"

"சரிங்க. எல்லாக் கோயில்லயும் தீர்த்தம் குடுக்குறாங்க. இவரு மட்டும் ஏன் தொட்டாலே தல வெடிக்கும்ங்கிறாரு?"

"அது சக்தி அதிகம் உள்ள தீர்த்தம்."

"அந்தச் சக்தியிலதான் கருப்பம்மாக்கா மொளகாச்செடி செத்துச்சா?"

"ஒனக்கு வாய் கூடிப்போச்சு," என்றான் கந்தப்பன். விடை கிடையாதவிடத்து இஃதே விடையென ஆடவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ளனர். அவன் குடுக்கைகள் மூன்றையும் எடுத்துச் சென்று சாமிகளிடம் ஒப்படைத்தான். சாமிகள் அவற்றைக் கண்டு கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"குடுக்கை கட்டினா கடலம்மாவ நம்பலைன்னு அர்த்தம். நாம கட்டுற கயித்துக்கு, புள்ள இடுப்புல கல்லக் கட்டி விட்டாலும் மெதக்கும்," என்றார்.

சாமிகள் செய்த பிழை இது ஒன்றே. தம்மையே நம்பாத அவர், தம்மை முற்றாக நம்புகிற ஒருவன் உலகில் இருப்பான் என்பதை எண்ணிப் பார்த்திலர்.

ஞாயிறு வந்தது. அன்னக்கொடிக்கான முட்டை மூழ்கியது, மந்திரம் முடிந்தது, முட்டை மிதந்தது, கயிறு ஏறியது. அத்துடன் வீடு திரும்புவதற்குப் பதிலாகக் கந்தப்பன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான்.

"எல்லாரும் மடுவுக்கு வாங்க. பாப்பா மெதக்குறதக் கண்ணால பாக்கலாம்."

மடு என்பது ஓடை வளைகின்ற இடத்தில் ஓர் ஆள் மார்பளவு ஆழமுள்ள நீர்நிலை. கூட்டம் ஆரவாரித்துக் கிளம்பியது. சாமிகளின் முகத்திலே முதன்முறையாக வியர்வை தோன்றியது.

"மூணு பௌர்ணமி போகட்டும்ப்பா. அப்புறமா பாக்கலாம்."

"கல்லக் கட்டினாலும் மெதக்கும்னீங்களே சாமி," என்றான் கந்தப்பன், அன்பு ததும்பும் குரலில்.

கங்காணிக்கும் ஆசை பிறந்தது. இச்செய்தி பதுளை வரை பரவினால் எத்தனை கோழி வரும் என்று அவர் உள்ளம் கணித்தது. "சாமி, ஒங்க மகிமைய சனம் பாக்கட்டுமே," என்று சாமிகளின் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். மகிமையானது பின்னால் இழுபட்டபடி நடந்தது.

மடுவின் கரையில் கந்தப்பன் குழந்தையின் சட்டையைக் கழற்றினான். அரையிற் கறுப்புக் கயிறு, வேறொன்றும் இல்லை. குழந்தை நீரைக் கண்டு தகப்பன் கழுத்தை இறுகப் பற்றியது. அவன் அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்கலானான்.

அப்பொழுது தனலெட்சுமி கூட்டத்தைப் பிளந்து வந்தாள். ஒரு கையில் சாமிகளின் செம்பு. அதில் முட்டை இன்னும் மிதந்துகொண்டிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. முட்டைதான் புள்ளைன்னு சாமி சொன்னாரு. அப்ப மொதல்ல முட்டை எறங்கட்டும். அது மெதந்தா புள்ளைய விடுங்க. நானே கைதட்டுறேன்."

"செம்பத் தொட்டுட்டா," என்று கருப்பம்மா பின்வாங்கினாள். தலை வெடிக்கும் ஓசைக்காக அனைவரும் காத்திருந்தனர். வெடிக்கவில்லை.

கந்தப்பன் யோசித்தான். அவன் நம்பிக்கை அத்துணைத் தூயது. ஆகவே அதிற் குற்றமொன்றும் காணவில்லை. "விடு, பாப்பம்," என்றான்.

தனலெட்சுமி முட்டையைச் செம்பிலிருந்து எடுத்து, கரையோரத் தெளிநீரில் மெல்ல வைத்தாள்.

முட்டை நேரே அடிக்குச் சென்றது. கூழாங்கற்களின் நடுவே தானும் ஒரு கூழாங்கல்லாய் அமைந்தது.

கந்தப்பன் மடுவின் அடியிலே கிடந்த முட்டையைப் பார்த்தான். தன் கழுத்தைப் பற்றியிருந்த சிறு விரல்களைப் பார்த்தான். பின்பு குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்றடி பின்னே போய் நின்றான்.

"இந்த ஓடத் தண்ணி தீட்டுப்பட்டது," என்றார் சாமிகள்.

"அப்ப புள்ளைய எந்தத் தண்ணியிலங்க விடுறது? இந்தச் செம்புக்குள்ளயா?" என்றாள் தனலெட்சுமி.

அவள் செம்பினுள் விரலை நனைத்து நாவில் வைத்தாள். முகம் கோணியது. கருவாட்டுக் கூடையுடன் வேடிக்கை பார்த்து நின்ற, எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் வியாபாரி இத்ரூஸிடம் செம்பை நீட்டினாள்.

"இத்ரூஸ் நானா, இதக் கொஞ்சம் வாயில வச்சுப் பாருங்க."

இத்ரூஸ் சுவைத்தார், துப்பினார், சிரித்தார்.

"இது நம்ம சாமான் தங்கச்சி. மீன ஊறப்போடுற உப்புத்தண்ணி. உப்புப் பதம் சரியான்னு நாங்களும் முட்டையப் போட்டுத்தான் பாப்பம். மெதந்தா பதம் சரி. அடியில தாண்டு போனா இன்னும் ரெண்டு கை உப்பு. நூத்தெட்டு மந்திரம் சொல்லணும்னு எங்க வாப்பா சொல்லித் தரல்ல."

கருப்பம்மாவும் சுவைத்தாள். "என் செடிக்கு உப்பத்தான் ஊத்தினியா?" என்று சாமிகளின் பக்கம் திரும்பினாள். 'ஊத்தினீங்களா' என்னும் மரியாதை அவள் வாயிலிருந்து அக்கணமே நீங்கிற்று.

தனலெட்சுமி மட்டும் குரலை உயர்த்தவில்லை. "சாமி, தண்ணி மேல படுத்துத் தூங்குவீங்களாமே. மடு இந்தா இருக்கு. படுங்க. நாங்க சத்தம் போடாம இருக்கோம்."

"நமக்கு... ரெண்டு நாளாச் சளி," என்றார் சாமிகள்.

இமயப் பனியில் உறைந்து தவஞ்செய்த மேனி, பெரகலக் காற்றிற் சளி பிடித்துக்கொண்டது. அவர் பேசியபடியே பின்புறமாக நடந்து, தேயிலைச் செடிகளுக்கிடையே புகுந்து, குறுக்குப் பாதையில் ஓடலானார். உப்பு மூட்டையைக் கூட எடுத்துச் செல்லவில்லை, அத்துணைப் பற்றற்றவர். கங்காணியோ, "நான் அப்பவே சந்தேகப்பட்டேன். சோதிச்சுப் பாக்கத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்," என்றார். அவர் அடுப்பில் வெந்த கோழிகளும் அந்தச் சோதனையில் அடங்கும் போலும்.

கந்தப்பன் கொட்டகைக்குச் சென்று குடுக்கைகளை எடுத்து வந்தான். மனைவியிடம் கொடுத்தான். அவள் குழந்தையின் மேனியில் எண்ணெய் தடவி, முதுகிற் குடுக்கை கட்டி, முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, தன் கைகளின்மேல் ஏந்தியபடியே நீரில் இறங்கினாள்.

அன்னக்கொடி மலையே எதிரொலிக்கும்படி அலறினாள். தண்ணீர் குடித்தாள். தாயின் மூக்கைக் கீறினாள். "கால ஒத, பாப்பா. கால ஒத," என்பதன்றி வேறு மந்திரம் அங்கே ஓதப்படவில்லை. நெடுநேரம் கழித்து, கோபத்தினாலேயே ஓர் உதை உதைத்தாள். ஒரு முழம் முன்னே சென்றாள். தான் சென்றதைக் கண்டு அழுகையை நிறுத்தினாள். மறுபடியும் உதைத்தாள்.

கரையில் நின்ற கருப்பம்மா நெடுநேரம் சிந்தித்தபின் இத்ரூஸின் அருகே வந்தாள்.

"நானா, இந்த மடு முழுக்க முட்டை மெதக்கணும்னா எத்தன மூட்டை உப்பு கொட்டணும்?"

"எதுக்கு, தங்கச்சி?"

"இல்ல, புள்ளைங்க கஷ்டப்பட்டு நீச்சல் படிக்கத் தேவையில்லையே."

அன்பர்களே, சிரிக்க வேண்டா. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நாக்கு இருந்தது. ஐந்து வார காலம் அது 'சாமி, சாமி' என்று சொல்வதற்கே பயன்பட்டது. ஒரு துளி நீரைச் சுவைப்பதற்குப் பயன்பட்டிலது. தலையும் இருந்தது. அது குனிந்து கும்பிடுவதற்கு மட்டும் கழுத்தின்மேல் வைக்கப்பட்ட உறுப்பன்று என்பதை, ஒரு குழந்தையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபிறகுதானா நாம் உணர வேண்டும்?