குழாயை மூடிய உடும்பு

ஒரு காட்டில், அதாவது அண்மையில்தான் நகராட்சியாக உயர்த்தப்பட்ட ஒரு காட்டில், செங்கமலம் என்றொரு உடும்பு இருந்தாள். மலை உச்சியில் ஊற்றுத் தண்ணீரைத் தேக்கத் தொட்டி கட்டி, அங்கிருந்து குழாய் இறக்கி, தெருவுக்குத் தெரு தண்ணீர் விட்டிருந்தார்கள். யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் செங்கமலத்துக்கு இருப்புக்கொள்ளாது. போய் மூடிவிட்டுத்தான் மறுவேலை. அவள் மூடிய குழாயை மறுபடி திறக்க இரண்டு குரங்குகள் வேண்டும். பிடி அப்படி.

அந்தக் காட்டின் பொறியாளர் வேதமூர்த்தி ஒரு மரங்கொத்தி. துளை போடுவதில் கெட்டிக்காரர். மலையிலிருந்து தண்ணீர் எப்படியும் வேகமாகத்தானே இறங்குகிறது, குழாய்க்குள் ஒரு சக்கரத்தை வைத்தால் மின்சாரம் கிடைக்குமே என்று அவருக்குத் தோன்றியது. வைத்தார். மறுநாள் காலை எல்லாரும் குளிக்கிற நேரத்தில் தெருவிளக்குகள் பளிச்சென்று எரிந்தன. புகை இல்லை, கரி இல்லை. செங்கமலமும் கைதட்டினாள். நல்ல யோசனைதான், யாரும் குறை சொல்ல முடியாது.

குறை சாயங்காலம்தான் தெரிந்தது. இருட்டிய பிறகு யாரும் குளிப்பதில்லை. குழாயில் தண்ணீர் ஓடவில்லை, விளக்கும் எரியவில்லை. காலையில் கிடைப்பதை பேட்டரியில் சேர்த்து வைக்கலாம் என்று வேதமூர்த்தி மெல்லச் சொல்லிப் பார்த்தார். நகராட்சித் தலைவர் காட்டெருமை அதைவிட எளிய வழி கண்டுபிடித்தார். பொழுது சாய்ந்ததும் எல்லாரும் குழாயைத் திறந்தே வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

செங்கமலத்தால் தாங்க முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் தெருவில் ஆறாக ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு குழாயாக மூடிக்கொண்டே போனாள். கடைசிக் குழாயை மூடியதும் காடே இருண்டது. அந்த நேரம் பார்த்துத் தலைவர் ஆலமரத்தடி மேடையில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

மின்தடை ஏற்படுத்தியதாக அவள்மேல் வழக்குப் போட்டார்கள். தண்ணீர் வீணாகப் போகிறதே என்று அவள் விசாரணையில் சொன்னாள்.

"வீணா?" என்றார் தலைவர். "அது மின்சாரமா மாறிடுச்சும்மா. தரையில ஓடுறது வெறும் மிச்சம்."

இனி அவள் எந்தக் குழாயையும் தொடக் கூடாது என்று தீர்ப்பானது. மிச்சம் யாருக்குச் சொந்தம் என்று தீர்ப்பில் இல்லை. செங்கமலம் தன் வளைக்குப் பின்னால் பெரிய குழியாகத் தோண்டி, களிமண் பூசி, தெருவில் ஓடியதை அதற்குள் திருப்பிவிட்டாள். பக்கத்துப் புற்றுக்குள் அவளுடைய முட்டைகள் இருந்தன. கோடையில் பொரியும். அந்தக் கவலை அவளுக்கு.

கோடை வந்தது. ஊற்று நூலாக மெலிந்து, பிறகு நின்றே போனது. தொட்டியின் அடி பாளம் பாளமாக வெடித்தது. முயல்கள் விடியற்காலையில் இலை இலையாகப் பனியை நக்கித் திரிந்தன. செங்கமலத்தின் குஞ்சுகள் மட்டும் குழிக்கரையில் வயிறு நிறையக் குடித்தன.

செய்தி தலைவருக்குப் போனது. அவர் குரங்குகளையும் குடங்களையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். செங்கமலத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காடே தாகத்தில் தவிக்கிறது, தான் சேர்த்தது எல்லாருக்கும் ஆகட்டும் என்று அவளே முன்வந்து சொன்னாள். குஞ்சுகளுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுவைக்கச் சொன்னாள். தலைவர் கண் கலங்கினார். குரங்குகள் ஒரு சொட்டு விடாமல் மொண்டுகொண்டு மலைமேல் ஏறின.

"எல்லாரும் கீழேதானே இருக்காங்க, தண்ணி ஏன் மேல போகுது?" என்று அவள் வேதமூர்த்தியைக் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இன்னிக்குச் சக்கரத்துக்கு ஆண்டுவிழா அக்கா. விருதுக் குழு வருது. விளக்கு எரியணும்."

அன்று சாயங்காலம் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். சக்கரம் சுற்றியது. விளக்குகள் எரிந்தன. குழாயடியில் வாய் வைக்க ஓடிவந்த மான்களையும் முயல்களையும், ஓட்டம் தடைபடும் என்று குரங்குகள் விரட்டிவிட்டன. தண்ணீர் நேரே மணலுக்குள் போனது. மேடையில் தலைவர் செங்கமலத்துக்குப் பொன்னாடை போர்த்தி, இந்த வெளிச்சம் இவர் தந்தது என்றார். கீழே அவள் குஞ்சுகள் ஈர மணலை நக்கிக்கொண்டிருந்தது அந்த வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. பக்கத்திலேயே ஒரு குழாய் இருந்தது. தொட்டால் மறுபடி வழக்கு. பொன்னாடையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் நன்றி சொல்லி முடிக்கவும் தண்ணீர் தீரவும் சரியாக இருந்தது. இருட்டில் கைதட்டல் கேட்டது. விருதும் கிடைத்தது, இன்னொரு சக்கரம் வைக்க அனுமதியும் கிடைத்தது. மேடையை விட்டு இறங்கும்போது தலைவர் அவள் காதருகே குனிந்தார்.

"அடுத்த வருஷம் குழி இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்மா."

நீதி: தண்ணீரைச் சேமித்து வையுங்கள். விழா எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.