மணி அடிக்காத மௌனம்

நடந்தது இவ்வளவுதான்:

1. எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போய் உயிர்விட்ட ஏழு பேருக்காக, டில்லி மோதி பாக் பூங்காவில் இரண்டு நிமிடம் மௌனம் காக்க எழுந்து நின்றோம்.
2. அது பதினொரு நிமிடம் நீடித்தது.
3. காரணம் நான்.

வட ஆற்காட்டில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. டில்லியில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி அந்த ஏழு பேரையும் நினைப்பது வழக்கம். எழுபதுகளின் முடிவில், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு நான் இதில் தலையிட்டேன். (அப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் இதற்கு ஒரு சர்க்யூட் போட்டால் என்ன என்றுதான் தோன்றும்.) முந்தைய ஆண்டு, கூட்டத்தின் செயலாளர் நாற்பதாவது வினாடியிலேயே தொண்டையைச் செருமி மௌனத்தை முடித்திருந்தார். எனவே சரியாக நூற்றிருபதாவது வினாடியில் தானாக அடிக்கும் மின்சார மணி ஒன்றைச் செய்தேன். எல்லோருக்கும் விதிப்பட்டியலும் கொடுத்தேன். நான்காவது விதி: மணி கேட்கும்வரை யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது.

கற்பகம் அக்காவை வரச் சம்மதிக்க வைத்தவளும் நான்தான். ஏழு பேரில் ஒருவர் அவர் கணவர். அவருக்குப் பிறகு கிடைத்த அரசு வேலையில் அக்கா டில்லிக்கு வந்திருந்தார். இந்தக் கூட்டத்துக்கு மட்டும் வந்ததே இல்லை.

"நான் வரல புள்ள. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்து மூக்க உறிஞ்சுவாங்க."

"ரெண்டே நிமிஷம்க்கா. மணி அடிச்சா முடிஞ்சுது. அப்புறம் கேசரி. நான் கேரண்டி."

எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பூங்காவுக்கு ஒயர் இழுத்து மணியை மாட்டினேன். எல்லோரும் எழுந்து தலைகுனிந்தோம். நாற்பதாவது வினாடியில் மணியின் சிவப்பு விளக்கு அணைந்தது. கரண்ட் போய்விட்டது.

அது எனக்கு மட்டுமே தெரியும். சொல்ல வேண்டும் என்றால் பேச வேண்டும். பேசினால் நான்காவது விதி. (ஆமாம், அவ்வளவு மக்காகத்தான் இருந்தேன்.) ஐந்தாவது நிமிடம், ஓய்வுபெற்ற சுபேதார் பெரியப்பா அட்டென்ஷனில் லேசாக ஆடினார். ஏழாவது நிமிடம், தெருவில் போன வேர்க்கடலைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு மஃப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தானும் நின்றார். ஒன்பதாவது நிமிடம் சிலர் மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள், அக்காவைப் பார்த்தபடியே. என் கேரண்டி காலி.

பதினோராவது நிமிடம் அக்காவின் குரல் கேட்டது.

"ஏம் புள்ள, உன் மணி செத்துப்போச்சா?"

குனிந்த தலைகள் எல்லாம் நிமிர்ந்தன. அக்காவே தொடர்ந்தார்.

"எங்க வூட்டுக்காரர் இருந்திருந்தா மொத நிமிஷமே வேணும்னு தும்மியிருப்பாரு."

பெரியப்பாவின் மீசை துடித்தது. "பரேட்லயே தும்முவான் அந்தப் பய. மூணு தடவ. நாந்தான் மைதானத்தச் சுத்தி ஓடவுட்டேன்."

"ஓடிட்டு வந்து உங்களப் பத்தி என்ன எழுதினாருன்னு தெரியுமா? லெட்டர் இன்னும் வச்சிருக்கேன்."

"என்ன எழுதினான்?"

அக்கா சொன்னார். (அச்சில் ஏற்ற முடியாது.) முதலில் சிரித்தவர் பெரியப்பாதான். பிறகு பூங்காவே சிரித்தது. வேர்க்கடலைக்காரர், "க்யா ஹுவா, பாயீ சாப்?" என்று, என்ன ஆச்சு என இந்தியில் கேட்டுவிட்டு, பதில் புரியாமலே சேர்ந்துகொண்டார். அதற்குப் பின் மற்ற ஆறு பேரின் கதைகளும் ஒவ்வொன்றாக வந்தன. கேசரி ஆறிப்போனது.

வீட்டில் இன்றும் நான் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தால், அப்பா "என்ன, கரண்ட் இல்லையா?" என்பார்.

கூட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. மணி கிடையாது. போதும் என்று தோன்றும்போது கற்பகம் அக்கா மௌனத்தை முடித்துவைத்துப் பேச ஆரம்பிக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஓர் ஆண்டுகூட அவர் வராமல் இருந்ததில்லை.