வாவியில் கப்பல் நிற்காது

போய்ப் பார்க்காத ஒரு நாட்டுக்குப் போகிறவர்களுக்கு நாற்பத்திரண்டு யோசனைகள் எழுதிக் கொடுத்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ரயிலில் மூட்டைப்பூச்சி கடித்தது மட்டும் ஞாபகம் இருக்கும். இன்னொருவருக்கு மதுரையில் குடித்த தேநீர். போகாதவனுக்குத்தான் எல்லாவற்றையும் சேர்த்து நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

உலக யுத்தம் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து, இந்தியாவுக்கு முதல் பயணம் போகிறவர்கள் திரும்பவும் என் வீட்டுக்கு வருகிறார்கள். வந்தவுடன் யோசனை கேட்பதில்லை. முதலில் பம்பாய்க் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் யோசனை கேட்கிறார்கள். ஆளுக்காள் ஒவ்வொரு விதமாகச் சொல்வதை விட, நடந்ததை நானே ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது. நாட்குறிப்பு கையில் இருக்கிறது.

அப்போது, யுத்தத்துக்கு முந்தி, எனக்கு இருபத்தேழு வயது. ஏறாவூரில் பிறந்தவன். காத்தான்குடியில் கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவியின் வீட்டில் குடியிருந்தேன். மட்டக்களப்பில் ஒரு பிரக்கிராசியாரின், அதாவது வக்கீலின், கந்தோரில் காணி உறுதிகளைப் பிரதி எடுக்கும் வேலை. ஓர் எழுத்துப் பிசகினாலும் ஒருவனுடைய வீடு வளவு அடுத்தவனுக்குப் போய்விடும் வேலை அது. அந்தக் கவனத்தோடுதான் யோசனைகளையும் எழுதினேன். இந்தியாவிலிருந்து யார் திரும்பினாலும், அவர் குளித்து முடிப்பதற்குள் நான் பென்சிலோடு வாசலில் நிற்பேன் (பாதிப் பேர் பின்வாசலால் போய்விடுவார்கள், அது வேறு கதை).

தலைமன்னாரில் கப்பல் ஏறும் முன் வயிற்றை அரைவாசிக்கு மேல் நிரப்பக் கூடாது. தண்ணீர்க் கூஜாவின் மூடியைக் கயிற்றால் கழுத்தோடு கட்ட வேண்டும். ரயில் நிற்கும்போது ஒருவர் இறங்கினால் மற்றவர் இறங்கக் கூடாது. எல்லாருடைய சீட்டுகளும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும், அந்த ஆள் தூங்கக் கூடாது. இவையெல்லாம் இன்றைக்கும் பொருந்தும். பதினேழாவது யோசனையில்தான் சனங்கள் பிழை பிடிக்கிறார்கள்: ‘புது ஊரில் வழி கேட்காதே. கேட்டால் புது ஆள் என்று தெரிந்துவிடும். கடல் எங்கே இருக்கிறது என்று பார். மற்றதெல்லாம் தானாக விளங்கும்.’

காத்தான்குடிக்காரனுக்கு இதில் என்ன பிழை இருக்கிறது? எங்கள் ஊர் ஒரு ஒடுங்கிய நிலம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. பொழுது கடலில் எழும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் படும். தொழும்போது கடலுக்கு முதுகு, வாவிக்கு முகம். கடலில் கப்பல் நிற்கும், வாவியில் தோணி ஓடும். ஒரு மனிதனுக்கு உலகத்தில் வேறென்ன தெரிந்திருக்க வேண்டும்?

அந்த வருடம் என் மாமனாரும் மாமியும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். ரயிலில் பம்பாய் வரை போய், அங்கே ஜித்தா கப்பல் ஏற வேண்டும். மாமா வவுணதீவுப் பக்கம் வயல் செய்த போடியார், நிலபுலக்காரர். அவருக்கு அவசரமில்லை. அவசரம் மாமிக்கு. ஒரு கண் ஏற்கனவே மங்கிவிட்டது, மற்றது மங்கிக்கொண்டிருந்தது. கண் இருக்கும்போதே கஃபாவைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இன்னொரு வருடம் பொறுக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லத் துணியவில்லை. பம்பாய் வரை கூட்டிப்போய்க் கப்பலில் ஏற்றிவிட ஓர் ஆள் வேண்டும் என்றபோது, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏற்கனவே மூட்டைகளுக்கு இலக்கம் போட்டுக்கொண்டிருந்தேன்.

பம்பாய் வரை ஒரு குறையும் இல்லை. ஐந்து மூட்டையும் மூன்று ஆளும் முழுசாகப் போய்ச் சேர்ந்தோம். ஹாஜிகள் தங்கும் முசாபர்கானாவில் இடம் கிடைத்தது. சீட்டு, பயணப் பாஸ், அம்மை குத்திய தாள் எல்லாம் என் நாட்குறிப்புக்குள் வைத்து, அதைத் துணிப்பையில் போட்டு, பையை இடுப்பில் கட்டியிருந்தேன். போன அன்றே கூரையில் ஏறி ஊரைப் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்தான், கொஞ்சம் பெரிசு. ஒடுங்கிய நிலம், இரண்டு பக்கமும் தண்ணீர். ஒரு பக்கம் அலை இல்லாத தண்ணீர், பாய் விரித்த தோணிகள், அக்கரையில் மலையும் நிலமும் தெரிந்தன. மறு பக்கம் அலை அடித்தது, அக்கரை இல்லை. அன்றைக்கு நாட்குறிப்பில் எழுதியதை அப்படியே தருகிறேன்: ‘அக்கரை தெரிவது வாவி. அக்கரை தெரியாதது கடல். கப்பல் கடலில். வழி கேட்கத் தேவையில்லை.’

வாவி என்று நான் எழுதிய பக்கத்தில் பெரிய மதிலும் பண்டகசாலைகளும் இருந்தன. மதிலுக்கு மேலால் புகை போனது. ஆலைகள் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

கப்பல் புறப்படும் நாள் மற்ற ஹாஜிமார் எல்லாரும் முசாபர்கானாக்காரர்களோடு கூட்டமாகப் போனார்கள். கூட்டத்தில் மூட்டை மாறிவிடும் என்பது என்னுடைய ஒன்பதாவது யோசனை. ஆகவே நாங்கள் பிந்தி, தனியாக, ஒரு குதிரை வண்டி பிடித்தோம். வண்டிக்காரர் கப்பல் என்று கேட்டதும் வாவிப் பக்கம் திருப்பினார். நான் அவருடைய தோளைத் தட்டி, கடற்பக்கம் கையைக் காட்டினேன். அவர் ஏதோ சொன்னார். நான் மறுபடியும் கடலைக் காட்டினேன். மூன்றாம் தரம் அவர் பேசவில்லை, குதிரையிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

10.20: கடற்கரை சேர்ந்தோம். நல்ல மணல். ஓர் இளநீர்க்காரர், இரண்டு நாய்கள். கப்பல் இல்லை.

“மருமகன், கப்பல் எங்க?” என்றார் மாமா.

“வெளிய ஆழத்தில நிக்கும் மாமா. நேரத்துக்கு வரும். பிறகு வள்ளம் வந்து ஏத்தும். நம்மட ஊரில அப்படித்தானே?”

மூட்டைகளை இலக்க வரிசையில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்தோம். எங்கள் பக்கம் மாமி மருமகனோடு நேரே பேசும் வழக்கம் இல்லை. கல்யாணம் முடித்து மூன்று வருடத்தில் மாமி என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. சொல்ல வேண்டியதைப் புருஷனிடம் சொல்வார். மூன்று முழத்தில் இருக்கும் நான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

“இஞ்சாருங்க,” என்றார் மாமி. “மத்த ஹாஜிமார் எங்க எண்டு மருமகனிட்டக் கேளுங்க.”

“பிந்தி வருவாங்க எண்டு சொல்லுங்க மாமா,” என்றேன்.

“அவங்க நமக்கு முந்திப் போனவங்க எண்டு சொல்லுங்க.”

“கூட்டமாப் போனா வழி பிழைக்கும் எண்டு சொல்லுங்க.”

மாமா இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இரிக்கு,” என்றார்.

நேரம் போனது. இளநீர் குடித்தோம். பன்னிரண்டு மணியானது. மாமி முக்காட்டு முனையைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கிய கண்ணுக்குக் கப்பல் தெரியவில்லையோ என்று நினைத்தாராக்கும், “இஞ்சாருங்க, உங்களுக்காவது தெரியுதா?” என்று ஒரு தரம் கேட்டார். மாமா நெற்றியில் கையை வைத்துக் கடலைப் பார்த்தார்.

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு நேரம் வந்தது. மாமா எழுந்து, இளநீர்க்காரரிடம் போய், “கிப்லா?” என்று தொழும் திசையைக் கேட்டார். மாமாவுக்கு ஹிந்துஸ்தானி ஒரு சொல்லும் தெரியாது (எனக்குப் பதினெட்டுச் சொற்கள் தெரியும், ஒன்றும் அன்றைக்கு உதவவில்லை). அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. இளநீர்க்காரர் கத்தியால் நேரே அலையைக் காட்டினார்.

நான் குறுக்கே போனேன். “இல்ல மாமா, இந்த மனிசனுக்குத் தெரியா. கடலுக்கு முதுகு காட்டித்தான் தொழணும்.”

மாமா என்னையும் பார்த்தார், கடலையும் பார்த்தார். கைத்தடியை மணலில் ஊன்றி, அதன் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். “மருமகன், காலத்தால வரக்குள்ள பொழுது நமக்குப் பின்னால நிண்டிச்சு. நான் பார்த்த. நீங்க கோவிப்பீங்க எண்டுதான் சொல்லல்ல.”

“வடக்க இவ்வளவு தூரம் வந்தா பொழுது கொஞ்சம் சரிஞ்சுதான் தெரியும் மாமா.”

“நாப்பது வருசம் படுவான்கரையில வயல் செஞ்சவன் நான். பொழுதுக்கும் எனக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்ல. இந்த ஊர மறுவளமா வெச்சிரிக்கு. கடல் படுற பக்கம். நீங்க வாவி எண்டு சொன்னதுதான் எழுவான் பக்கம்.”

கடலைப் பார்த்துத் தொழுதார். நானும் தொழுதேன், அல்லாஹ் மன்னிக்க வேண்டும், பாதி சம்மதத்தோடு. தொழுது முடித்ததும் மாமா இளநீர்க்காரரிடம் மறுபடி போய், “ஜித்தா” என்றார். அவர் எங்கள் மூட்டைகளைப் பார்த்தார். மாமியைப் பார்த்தார். கத்தியைக் கீழே போட்டுவிட்டு வீதிக்கு ஓடி, ஒரு வண்டியை மறித்து, வண்டிக்காரரிடம் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். கை வாவிப் பக்கம் போனது.

“மருமகன், ஏறுங்க,” என்றார் மாமா.

நான் ஏறவில்லை. அன்றைக்கு ஏன் ஏறவில்லை என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. ஒரு மனிதன் யோசித்து, எழுதி, சரிபார்த்த ஒன்றை ஓர் இளநீர்க்காரருடைய கையாட்டலுக்காக விட்டுவிட முடியுமா? “நீங்க வாவிக்குப் போறீங்க மாமா,” என்றேன். “அங்க தோணிதான் இரிக்கும். நான் மூட்டையோட இஞ்ச நிக்கன். கப்பல் வந்தா நிப்பாட்டி வைக்கன்.”

வண்டிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. “இஞ்சாருங்க, வண்டிய விடச் சொல்லுங்க.”

1.05க்கு வண்டி போனது. நான் முதலாம் இலக்க மூட்டை மேல் உட்கார்ந்தேன். கடைசி ஆளை ஏற்றுவது மூன்று மணிக்கு. நடந்ததை உடனே குறித்துவைப்பது என் வழக்கம். ஆகவே பையை அவிழ்த்து, நாட்குறிப்பை எடுத்து, ‘1.20: மாமா பிழையான திசையில் போனார்’ என்று எழுதப் பக்கத்தைத் திருப்பினேன். பக்கங்களுக்கு நடுவில் இருந்தன இரண்டு கப்பல் சீட்டும், இரண்டு பயணப் பாஸும், இரண்டு அம்மை குத்திய தாளும்.

அந்த வரியை நான் எழுதி முடிக்கவில்லை. இன்றைக்கும் ‘1.20: மாமா’ என்றுதான் இருக்கிறது.

வீதிக்கு ஓடினேன். அகப்பட்ட வண்டியில் பாய்ந்து ஏறி, “ஜித்தா, ஜித்தா” என்று கத்தினேன். வண்டி வாவிப் பக்கம் திரும்பியது. இந்தத் தரம் நான் யாருடைய தோளையும் தட்டவில்லை. பண்டகசாலைகள் வந்தன, மதில் வந்தது. மதிலின் வாசலால் பார்த்தேன். அக்கரையை முழுசாக மறைத்துக்கொண்டு, எங்கள் ஜும்ஆப் பள்ளி மினாராவை விட உயரமான புகைபோக்கியோடு, ஒரு கப்பல் நின்றது. வாவியில்.

வாசலில் காவல்காரர்கள் தாளில்லாமல் விட மறுத்திருந்தார்கள். மாமா ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். மாமி வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்கு நேரே நின்ற கப்பலைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திரும்பினார். மூன்று வருடத்தில் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து நேரே பேசினார்.

“சீட்ட எடு.”

எடுத்தேன். மருத்துவர் நாடி பார்த்தார், ஒருவர் முத்திரை குத்தினார், ஒருவர் கத்தினார். ஏணிப்படியில் கடைசியாக ஏறியவர்கள் மாமாவும் மாமியும். பாதி ஏறியதும் மாமா திரும்பி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வெறுங்கை. அப்போதுதான் எனக்கு மூட்டைகள் ஞாபகம் வந்தன. உடுப்பும், அரிசியும், ஹஜ்ஜுக்கு உடுக்கும் இஹ்ராம் துணியும், மாமியின் கண்மருந்தும் பம்பாயின் மறு கரையில் இலக்க வரிசையில் இருந்தன. ஏணி எழும்பிவிட்டது.

மூட்டைகள் களவு போகவில்லை. இளநீர்க்காரர் அவற்றுக்கு மேல் தென்னோலை போட்டு, வெயில் படாமல் வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். என் யோசனைகளில் இவரைப் போன்ற ஆளுக்கு இடமே இருக்கவில்லை. அது ஒன்றைத்தான் நான் குறை என்று ஒப்புக்கொள்வேன்.

ஐந்து மூட்டைகளோடு தனியாகத் திரும்பினேன். தந்தி அடிக்கவில்லை. ஆளே வரும்போது தந்தி எதற்கு? மட்டக்களப்பு ஸ்டேஷனில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என்னைக் கண்டார், மூட்டைகளைக் கண்டார், மாமாவையும் மாமியையும் காணவில்லை. ஒரு சொல் கேட்காமல் சைக்கிளில் ஊருக்குப் பறந்துவிட்டார். நான் மாட்டு வண்டியில் வீடு சேர்ந்தபோது வளவு நிறைய சனம். பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி மூன்றாம் இலக்க மூட்டையைக் கட்டிப்பிடித்து, “உம்மா, உம்மா” என்று அழுதாள். மௌத்தானவர்கள் இரண்டு பேரும் கப்பலில் சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள் என்று நான் விளங்கப்படுத்தி முடிக்கப் பொழுது பட்டு மஃரிப் ஆகிவிட்டது. அதுவரை அழுத அத்தனை பேரும் பிறகு என்னைப் பார்த்த பார்வையில், இரண்டு பேரும் மௌத்தாகியிருந்தால் எனக்கு மரியாதை கொஞ்சம் கூடியிருக்கும் போலத் தோன்றியது.

கப்பலில் ஏறாவூர்க்காரர்கள் சிலர் துணியும் சோறும் கொடுத்து இருவரையும் பார்த்துக்கொண்டார்கள். நாலரை மாதத்தில் திரும்பி வந்தார்கள். ஸ்டேஷனில் மாமா என்னைக் கட்டிப்பிடித்தார். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினார்.

“இஞ்சாருங்க, கஃபாவ நல்லாக் கண்டாச்செண்டு மருமகனிட்டச் சொல்லுங்க. மூட்டையெல்லாம் சுகமா எண்டும் கேளுங்க.”

அன்றிலிருந்து ஊரில் எனக்கு ‘மூட்டை ஹாஜியார்’ என்று பெயர். நான் எதிர்த்ததில்லை. ஐந்து மூட்டையைப் பம்பாய்க்குக் கொண்டுபோய் ஒரு முடிச்சும் அவிழாமல் திரும்பக் கொண்டுவந்த வேறொருவர் இந்த ஊரில் இருந்தால் முன்னுக்கு வரட்டும்.

இந்த வருடம் அல்லாஹ் நாடினால் நானே ஹஜ்ஜுக்குப் போகிறேன். போன வெள்ளிக்கிழமை மூட்டைகளுக்கு இலக்கம் போட உட்கார்ந்தேன். என் மனைவி மைக்கூட்டைக் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

“நீங்க போங்க,” என்றாள். “மூட்டைய நான் வேற ஆக்களோட அனுப்புறன்.”