செவலைக்கு முன்னால் தாண்டியவன்

எனக்குக் கோபம் தாமதமாகத்தான் வரும். சம்பவம் நடக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க சார்" என்று நிற்பேன். முப்பது வருஷம் கழித்து ஒரு காலையில், பல் துலக்கும்போது, வாய் நிறைய நுரையோடு கத்துவேன். மனைவி மல்லிகா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நாயா?" என்று மட்டும் கேட்பாள்.

நாய்தான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். கள்ளக்குறிச்சியைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் புளியமரம் குறுக்கே கிடக்கும், டயர் எரியும். பஸ் எப்போது வரும் என்று பஸ்காரர்களுக்கே தெரியாது. போராட்டத்தைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து இருந்தது. (அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம்தான் இல்லை.) ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் உத்தியோகம். சாதிச் சான்றிதழ் மனுக்களை வாங்கி, "இணைப்பு இல்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பது என் கடமை. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் நாற்பது நாள். அதற்குள் போலீஸ் கேஸ் என்று ஒன்று வந்தால் வேலை போய்விடும்.

ஊர் இப்படிப் பற்றி எரியும்போது புத்தியுள்ள ஒருவன் வீட்டில் படுத்துக்கிடப்பான். நான் நாய்களுக்குத் தடை தாண்டும் போட்டி நடத்தினேன்.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைதான் ஆரம்பம். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கையை நீட்ட, அவளுடைய நாய் கட்டையைத் தாண்டியது, டயருக்குள் புகுந்தது, குழாய்க்குள் நுழைந்து வெளியே வந்தது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. தேசம் முன்னேறாததற்குக் காரணம் நம் நாய்கள் டயருக்குள் புகாததுதான் என்று ஒரே இரவில் முடிவுக்கு வந்தேன். (நிறையப் படிக்கிறவனுக்கு வரும் வியாதி இது.) பத்துப் பேர் சேர்ந்து பிராணி நேசர் மன்றம் ஆரம்பித்தோம். நான் செயலாளர். தலைவர், அரிசி மில் முதலாளி. பிராணிகள் மீது நேசம் இருந்ததால் அல்ல, அவரிடம் ஒரு அல்சேஷன் இருந்ததால் அவரைத் தலைவராக்கினோம். அதன் பெயர் டைகர். முதலாளியைப் போலவே பெருத்த உடம்பு, அவரைப் போலவே உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது.

முதல் பரிசு, புத்தம்புதிய பெட்ரோமாக்ஸ் விளக்கு. முதலாளிதான் வாங்கித் தந்தார். "தம்பி, எப்டியும் நம்ம டைகருதான் ஜெயிக்கும். வெளக்கு வூட்டுக்கே வந்துரும், இன்னா?" என்று கண்ணடித்தார். அப்போதே எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். "ஆமாங்க முதலாளி" என்று சிரித்தேன்.

போட்டியன்று காலையில் போய்ப் பார்த்தால், தியாகதுருகம் ரோட்டோரம் நாங்கள் பிடித்துவைத்திருந்த திடல் முழங்கால் சேறாக இருந்தது. முந்தின நாள் கொட்டிய மழை. மன்ற உறுப்பினர்கள் எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரோட்டைப் பார்த்தேன். பளபளவென்று கழுவிவிட்ட தார் ரோடு, காலியாகக் கிடந்தது. ஒரு வாரமாக ஒரு பஸ்கூட அந்தப் பக்கம் வரவில்லை. இதைவிட நல்ல மைதானம் வேறு எது?

"ரோட்லயே வெச்சிக்கலாம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் உடனடியாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

சவுக்குக் கட்டைகளை ரோட்டுக்குக் குறுக்கே, இரண்டு பக்கமும் கல் அடுக்கி, பதினோரு வரிசை வைத்தோம். நடுவே மூங்கில் நட்டு ஒரு லாரி டயரைக் கட்டினோம். ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டிரம்களில் அடிப்பாகம் இல்லாத மூன்றை உருட்டி வந்து வரிசையாகப் படுக்கவைத்துக் குகை செய்தோம். கட்டை, கல், டயர், தார் டிரம். இந்த நான்கும் ரோட்டின் குறுக்கே கிடந்தால் அந்த வருஷத்தில் அதற்கு என்ன பெயர் என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லும். பட்டதாரிகள் ஐந்து பேர் இருந்த எங்கள் மன்றத்துக்குத் தோன்றவில்லை.

பெயர் பதிவுக்கு மேசை போட்டு உட்கார்ந்தேன். பதின்மூன்று நாய்கள் வந்தன. பன்னிரண்டை எழுதி முடித்தபோது எதிரே ஒரு அம்மாள் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்வராயன் மலையிலிருந்து, பஸ் இல்லாததால் முந்தின நாள் காலையிலேயே கிளம்பி நடந்து வந்திருந்தாள். பெயர் சின்னப்பொண்ணு. கூடவே ஒரு செவலை நாய், ஒரு காது பாதி கிழிந்தது. கழுத்தில் பட்டை இல்லை, சங்கிலி இல்லை. எங்கள் நோட்டீஸில் யாரோ மடித்துக் கொடுத்த கருவாடு மூலமாக அவளுக்குத் தகவல் போயிருக்கிறது. அந்த நோட்டீஸை இன்னும் கையில் வைத்திருந்தாள். வாடை மேசைக்கு வந்தது.

"வெளக்கு குடுக்கறாங்களாமே?"

"ஜெயிச்சா குடுப்போம். நாய் என்ன இனம்?"

"நாயி."

"நாய்தான், தெரியுது. என்ன இனம்?"

"நாயி எனந்தான். பின்ன இன்னா, ஆடா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அலுவலகக் குரல் வந்துவிட்டது. ஊசி போட்ட சான்று உண்டா, உரிமையாளர் சான்று உண்டா, கழுத்துப்பட்டை ஏன் இல்லை என்று வரிசையாகக் கேட்டேன். மனிதர்களிடம் கேட்டுப் பழகிய வாய்.

"மனுசனுக்கே சர்ட்டிபிகேட்டு குடுக்க மாட்டேங்கிறீங்க, நாயிக்கு நான் எங்கப் போவேன் சாரு? பன்னி ராவெல்லாம் சாமையத் தின்னுட்டுப் போவுது. இது ஒண்டியா தொரத்துது. ஒரு வெளக்கு இருந்தா ஆவும்னுதான் வந்தேன்."

இதைக் கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? படிவத்தில் சிவப்பு மையில் "இணைப்பு இல்லை" என்று எழுதி, அத்தனை பேர் முன்னால் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை. சம்பளம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவள் அதை வாங்கிக்கொண்டு போய் ரோட்டோர மரத்தடியில் உட்கார்ந்தாள். இப்போது அந்த இளைஞன் எதிரே வந்தால் ஓங்கி ஒன்று அறைவேன்.

போட்டி ஆரம்பித்தது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. முதல் நாய் கட்டையை மோந்து பார்த்துக் காலைத் தூக்கியது. பின்னால் வந்த ஆறும் அதே கட்டையில் அதே காரியத்தைச் செய்தன. ஒரு பொமரேனியன் டிரம்முக்குள் போய் வெளியே வர மறுத்துவிட்டது. டைகர் தொடக்கக் கோட்டிலேயே படுத்தது. "டைகர் ரெஸ்ட் எடுக்குது" என்று மைக்கில் அறிவித்தேன்.

அப்போதுதான் தியாகதுருகம் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு, அன்றைக்குப் பார்த்து, போலீஸ் பாதுகாப்போடு பஸ்களை ஓட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். முன்னால் ஜீப், பின்னால் போலீஸ் வேன், அதன் பின்னால் வரிசையாக எட்டு பஸ்கள்.

திரும்பிப் பார்த்தேன். மன்றம் இல்லை. எட்டுப் பேரும், நாய்களை இழுத்துக்கொண்டு நாய்க்காரர்களும், சோளக்கொல்லைக்குள் போய்விட்டார்கள். எந்த நாயும் அன்று அந்த வேகத்தில் ஓடவில்லை. முதலாளி காரில் டைகரை ஏற்றினார், பெட்ரோமாக்ஸை ஏற்றினார், கதவைச் சாத்திக்கொண்டார். "தம்பி, பாத்துக்க" என்றார். கார் போய்விட்டது. ரோட்டில் பதினோரு சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே, சட்டையில் 'செயலாளர்' பேட்ஜோடு, கையில் மைக்கோடு நான் மட்டும்.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். ஒரு வாரம் தூங்காத கண்கள்.

"மைக் வேற வெச்சிக்கினு மறியலா?"

"இது மறியல் இல்ல சார். நாய்ப் போட்டி."

"கட்டை எதுக்கு?"

"நாய் தாண்டும் சார்."

"டயரு?"

"நாய் பூந்து போகும் சார்."

"டிரம்மு?"

"அதுக்குள்ளயும் நாய்தான் சார்."

"எங்கய்யா நாயி?"

அந்த நேரத்தில் டிரம்முக்குள் இருந்த பொமரேனியனும் வெளியே வந்து சோளக்கொல்லைப் பக்கம் ஓடியது.

"இன்னா உத்தியோகம் பாக்கற?"

சொன்னேன். "கவர்மெண்ட் சம்பளம் வாங்கினு ரோட்ல கட்டை போடறியா? ஏத்துய்யா வேன்ல" என்றார். நாற்பது நாள் என் கண்முன் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அழுகிற குரலில், "சார், ஒரு நாய் இருக்கு. தாண்டிக் காட்டும். அஞ்சு நிமிஷம் குடுங்க" என்றேன்.

மரத்தடிக்கு ஓடினேன். சின்னப்பொண்ணு வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க நாய் தாண்டுமா?"

"எணப்பு இல்லியே சாரு."

"அம்மா, என் வேலை போயிடும்மா."

ஒரு நிமிஷம் மென்றாள். பிறகு எழுந்தாள். "தாண்டும். ஆனா அதுக்கு முன்னால ஒரு ஆளு தாண்டிக்கினு போவணும். அப்பத்தான் பின்னாலயே வரும். எனுக்கு முட்டி வலி. நீ போ."

எட்டு பஸ்களின் ஜன்னல்களிலும் தலைகள். போலீஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஓடி முதல் கட்டையைத் தாண்டினேன். செவலையும் தாண்டியது. பஸ்ஸிலிருந்து விசில். இரண்டாவது. மூன்றாவதில் செவலை என்னை முந்திவிட்டது. நின்றேன்.

"நிக்காத சாரு! நீ நின்னா அது நின்னுரும்!"

அது நிற்கவே இல்லை. காற்றில் எறிந்த துண்டு மாதிரி ஒவ்வொரு கட்டைக்கு மேலும் போய்க்கொண்டிருந்தது. (அந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் பார்த்திருந்தால் அட்டையில் போட்டிருப்பான்.) ஆனால் நாற்பது நாள் பாக்கி இருக்கிறவன் எதையும் யோசிக்கமாட்டான். ஓடினேன். டயருக்குள் புகுந்தேன், இடுப்பு சிக்கியது, ஒரு ஏட்டு வந்து பின்னாலிருந்து தள்ளிவிட்டார். டிரம்முக்குள் தவழ்ந்து வெளியே வந்தபோது வெள்ளைச் சட்டை முழுக்கத் தார். கடைசிக் கட்டையில் கால் தடுக்கி, செவலையின் காலடியில் போய் விழுந்தேன். அது எப்போதோ வந்து உட்கார்ந்து கிழிந்த காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். "கேஸ் வேணாம். இதுவே போதும் இவனுக்கு. கட்டைய எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

பதினோரு கட்டையையும் நானே ஓரமாக இழுத்துப் போட்டேன். பஸ்கள் நகர ஆரம்பித்தபோது சின்னப்பொண்ணு பக்கத்தில் வந்தாள்.

"சாரு, அதுக்கு ஆளெல்லாம் வேணாம். அது தானாவே தாண்டும்."

"பின்ன ஏம்மா என்னைத் தாண்டச் சொன்னீங்க?"

"காலைல அத்தினி பேரு முன்னால என்னிய நிக்க வெச்சி சிரிச்சீங்களே, அதுக்குத்தான்." சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். "வெளக்கு?"

முதலாளி எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்றேன். வாங்கி மலைக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், தார் அப்பிய சட்டையைப் பார்த்தாள். நாயைக் கூப்பிட்டுக்கொண்டு மலைப்பக்கம் நடந்துவிட்டாள்.

அடுத்த மாதம் முதலாளி வீட்டுக் கல்யாணப் பந்தலில் அந்த பெட்ரோமாக்ஸ் எரிந்தது. அதைத் தூக்கி உடைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதன் வெளிச்சத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். தகுதிகாண் பருவம் நல்லபடியாக முடிந்தது. வேறு விளக்கு வாங்கி மலைக்குப் போவதை அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளித் தள்ளி, போகவே இல்லை. என் மனுவை நானே "இணைப்பு இல்லை" என்று திருப்பிக்கொண்ட மாதிரி.

இரண்டு வருஷம் கழித்து எலவனாசூர்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனேன். காபித் தட்டோடு வந்த பெண் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள், தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். உள்ளேயிருந்து விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். அவளுடைய அம்மா வெளியே வந்து, "தப்பா நெனச்சிக்காதீங்க தம்பி. உங்கள மூணாவது பஸ்ஸிலேர்ந்து பாத்திருக்குதாம்" என்றார்.

கல்யாணமாகி மல்லிகா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "அந்த அம்மாவுக்கு வெளக்கு குடுத்தீங்களா?"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போனால் இருட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் வரும்: "அப்பா, தாண்டிப் போய் அந்த பெட்ரோமாக்ஸ எடுத்துக்கினு வாங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். மல்லிகா மட்டும் சிரிக்கமாட்டாள். தீப்பெட்டியைத் தடவிக்கொண்டே, "எங்க இருக்குது, எடுத்துக்கினு வர?" என்பாள்.