சோத்துக்கைப் பக்கம் புயல்

புயலின் கண்ணைக் கண்டுபிடிக்க மற்றவர்களுக்கு ரேடார் வேண்டும், விமானம் வேண்டும். சோத்துக்கை அங்கிளுக்கு ஒரு கையும் கொஞ்சம் காற்றும் போதும்.

மெல்போர்னில் ஒரு வானிலை அலுவலகத்தில், கம்பி வழி வரும் செய்தியை அச்சடிக்கும் டெலிபிரிண்டர்களைப் பழுது பார்க்கும் வேலையில் நான் சேர்ந்தபோது, எதிர்மேசை அவருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். திருகோணமலையில் இருபது வருடம் புயலைத் தொடர்ந்துவிட்டு வந்தவர். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோர ரேடார்கள் சொல்வதை வைத்துப் புயலின் மையத்தை வரைபடத்தில் குறிப்பது அவர் வேலை. எதையும் பட்டியல் போடுவது என் பழக்கம். அவர் மேசையில் இருந்தவை: பிளேடால் சீவிய பென்சில், சுருள்கோடு வரைந்த, மஞ்சளேறிய டிரேசிங் தாள். ரப்பர் கிடையாது. "குறிச்சாக் குறிச்சதுதான்" என்பார்.

அந்தத் தாள் திருகோணமலையிலிருந்து அவரோடு வந்தது. ரேடாரில் தெரியும் மழைச் சுருளின்மேல் அதைப் பொருத்தினால் கோட்டின் நடுப்புள்ளிதான் மையம். ஒரே சிக்கல், அங்கே புயல் இடஞ்சுழி, பூமத்திய ரேகைக்குத் தெற்கே இங்கே வலஞ்சுழி. தாளைத் திருப்பிப் போட்டார், சரியாகிவிட்டது. தன்னைத் திருப்பிப் போடுவதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது.

"முதல் நாளே புயலை மற்றப் பக்கமாச் சுத்த விட்டிட்டன் பிள்ளை. தலைவர் பாத்திட்டு, 'இது எந்தக் கிரகம்?' எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க அங்கிள்?"

"மணிக்கூட்டைக் கழட்டி வலக்கையில கட்டினனான்."

கடிகாரம் நேரம் பார்க்க அல்ல, நினைவூட்ட. "காத்துக்கு முதுகைக் குடு. ஊரில புயல் பீச்சங்கைப் பக்கம். இஞ்ச சோத்துக்கைப் பக்கம், கொஞ்சம் முன்னுக்கு." பெயர் அப்படித்தான் வந்தது.

தினமும் காலையில் டிராம் நிறுத்தத்தில் காற்றுக்கு முதுகு காட்டி, கடிகாரக் கையை நீட்டி நிற்பார். டிராம் நிற்கும். ஏறமாட்டார். "ஏறுகிறாயா இல்லையா?" என்று கண்டக்டர் கத்துவார். "பொறு, தாழமுக்கம் எங்க எண்டு பாக்கிறன்" என்று இவர் தமிழிலேயே பதில் சொல்வார். அவர் தவறவிட்ட டிராம்களை வரிசையாக நிறுத்தினால் சிட்னிவரை போகும்.

ஒரு கோடையில் குயின்ஸ்லாந்துக் கடலில் ஒரு புயல் வந்தது. மையம் வடக்கே என்றது ரேடார். தேடிப்போன விமானம், தெற்கே என்றது. இரண்டுக்கும் நடுவே கரையோரமாக ஓர் இறால் படகு, அதில் நான்கு பேர். ஓட்டுபவனுக்கு அது முதல் பருவம். எந்தப் பக்கம் ஓடுவது என்று ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தான்.

தலைவர் கரை நிலையத்தின் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, "விமானி உள்ளேயே போய்ப் பார்த்திருக்கிறான்" என்றார்.

"காத்து அவனைத் தள்ளியிருக்கும். ரேடாரும் தூரத்தில இருந்து புயலின்ர தலையைத்தான் பாக்குது" என்று என்னிடம் முணுமுணுத்த அங்கிள், தலைவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "நடுவில் நிற்பவனைக் கேளுங்கள். முதுகைக் காற்றுக்குக் கொடுத்துக் கையை நீட்டட்டும்."

"எந்தக் கை?"

அங்கிள் கண்ணை மூடினார். கை உயர்ந்தது. இடது கை. இருபது வருடத் திருகோணமலை உயர்ந்து நின்றது. தலைவர் தொலைபேசியில் வாயைத் திறந்துவிட்டார். அங்கிள் கண்ணைத் திறந்தார். உயர்ந்த கையில் கடிகாரம் இல்லை, வெறும் மணிக்கட்டு.

"ஐயோ, சோத்துக்கை! சோத்துக்கை!"

"என்ன சொல்கிறார்?"

"வலது கை" என்றேன். அந்த அலுவலகத்தில் நான் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அது.

பதில் வந்தது. கரையைப் பார்த்து நிற்கிறானாம், கை வடக்கைக் காட்டுகிறதாம். ரேடார் சொன்ன பக்கம். "தெற்கே ஓடு" என்றார் தலைவர்.

அடுத்த மூன்று மணி நேரம் நடந்தவை: தலைவர் காலிக் கோப்பையில் தேநீர் குடித்தார். பழுதில்லாத டெலிபிரிண்டரை நான் பழுது பார்த்தேன். அங்கிள் ஒரு முழுப் பென்சிலைச் சீவித் தீர்த்தார்.

ஐந்தரைக்குத் தொலைபேசி அடித்தது. படகு ஒரு ஆற்று முகத்துக்குள் வந்துவிட்டது, நான்கு பேரும் பத்திரம். "கையை இறக்கலாமா என்று கேட்கிறான்" என்றார் தலைவர். அலுவலகமே சிரித்தது. அங்கிள் மட்டும் இடது மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கை நாலு பேரைச் சாக்காட்டியிருக்கும் பிள்ளை."

"இறக்கிட்டீங்களே அங்கிள்."

ஒரு வாரம் அந்தக் கையைக் காற்சட்டைப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை.

போன வருடம் ஓய்வு பெற்று, சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திருப்பிப் போட்ட தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. மெல்போர்னில் தென்கிழக்குக் காற்று வீசும் காலைகளில், அதற்கு முதுகு காட்டி நின்றால் வலது கை நேராகச் சிட்னிப் பக்கம் நீளும். அந்த நாட்களில் எனக்காக ஒரு டிராம் நிற்கிறது. நான் ஏறுவதில்லை.